எலிவால் அருவியின் கண்ணாடி ஊசிகள்

கொடைக்கானல் மலைச்சாலையில் டம்டம் பாறை வந்ததும் வண்டிகள் ஓரங்கட்டும். எதிர்ச்சரிவில் தலையாறு அருவி, 297 மீட்டர் உயரத்துக்கு ஒரே கோடாக இறங்கிக்கொண்டிருக்கும். எலிவால் அருவி என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். ஆளாளுக்குக் கைபேசியை நீட்டிப் படம் எடுப்பார்கள். அத்தனை பேரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் கல்லை ஒருவரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, அது கரைந்திருக்கிறது!

ஆமாம், கல்தான். பழனி மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. மழைத்துளி வானத்திலிருந்து இறங்கும்போதே கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சோலைக்காட்டு மண்ணுக்குள் போனதும் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட வாயு இன்னும் சேர்கிறது. இப்படி லேசான அமிலமாகிவிட்ட தண்ணீர், பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களை ஆண்டாண்டு காலமாக அரிக்கிறது. அரிபடும் கனிமத்திலிருந்து சிலிக்கா பிரிந்து, சிலிசிக் அமிலமாகத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. உலக ஆறுகளைச் சராசரியாக எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் சிலிக்கா. நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

எலிவால் அருவி கீழே மஞ்சளாறாகிறது. தேவதானப்பட்டி அருகே அணையில் கொஞ்சம் தங்கிவிட்டு வைகையில் சேர்கிறது. பெரியகுளம் வழியாக வரும் வராக நதியும் அதே வைகைக்குத்தான் போகிறது. மதுரை, மானாமதுரை, பரமக்குடி எல்லாம் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய் தன் பங்கை நிறுத்திக்கொண்டது போக மிஞ்சிய தண்ணீர், ஆற்றங்கரை என்ற ஊருக்கருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மலையின் கரைந்த கல் கடலைத் தொட்டுவிடுகிறது!

அங்கே அதை எடுத்துக்கொள்ள ஒரு விலங்கு இருக்கிறது. வாய் கிடையாது, வயிறு கிடையாது, இதயம், நரம்பு, தசை எதுவும் கிடையாது. ஆனால் கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவைத் துளித்துளியாகப் பிரித்தெடுத்து, தன் உடம்புக்குள்ளேயே கண்ணாடி ஊசிகள் வார்க்கிறது. நமது கண்ணாடித் தொழிற்சாலைக்கு 1,500 டிகிரி செல்சியஸ் அளவில் உலை எரிய வேண்டும். இது குளிர்ந்த கடல்நீரில் உட்கார்ந்தபடி செய்கிறது! கடற்பஞ்சு என்ற அந்த விலங்கின் உள்ளே நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குத்தான் உங்களை அழைக்கிறேன். வாசல்கள் ஆயிரக்கணக்கில் திறந்திருக்கின்றன, வாருங்கள்.

முதலில் வெளியே நின்று பார்ப்போம். மண்டபம், குருசடைத் தீவு, தூத்துக்குடி என்று மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத பாறைகளிலும் பவளத்திட்டுகளிலும் கடற்பஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஆரஞ்சு நிறத்தில் பாறைமேல் பூசியது மாதிரி பரவியிருக்கும். இன்னொன்று கருப்பாக உருண்டு கிடக்கும். விரல் விரலாகக் கிளைத்தவை உண்டு, விசிறியாக விரிந்தவை உண்டு, கிண்ணமாகக் குழிந்தவை உண்டு. ஒன்றும் அசையாது. தொட்டால் சுருண்டுகொள்ளாது. ஓடாது, கடிக்காது. அதனால்தான் நெடுங்காலம் இதைச் செடி என்றே பலர் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை உடைத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் இளம் டார்வினுக்கு வழிகாட்டியாக இருந்தவர். 1825-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஓர் உயிருள்ள கடற்பஞ்சைக் கடல்நீரில் வைத்து நுண்ணோக்கி வழியாகக் கவனித்துக்கொண்டே இருந்தார். அதன் பெரிய துளையிலிருந்து தண்ணீர் ஓயாமல் பீறிட்டுக்கொண்டிருந்தது, கூடவே கழிவுத் துகள்களும்! செடி அப்படிச் செய்யாது. போரிஃபெரா, அதாவது துளையுடலிகள் என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

இன்றைக்கு இதைக் காட்ட முக்குளிப்போர் ஒரு வித்தை செய்வார்கள். பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீன் சாயத்தைக் கடற்பஞ்சின் அடிப்பக்கத்தில் மெல்லப் பீய்ச்சுவார்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. சாயம் பஞ்சின் பக்கவாட்டில் உறிஞ்சப்பட்டுக் காணாமல் போகும். பிறகு திடீரென்று மேலே உள்ள வாயிலிருந்து பச்சைப் புகை கொப்பளித்துக் கிளம்பும்! முதல் தடவை பார்க்கிறவர்கள் தண்ணீருக்குள்ளேயே கத்திவிடுவார்கள். சும்மா கிடக்கிறது என்று நாம் நினைத்த அந்தக் கட்டி, இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, இப்போது நாமும் அந்தச் சாயத்தோடு உள்ளே போகலாம். உடம்பின் மேற்பரப்பு முழுக்கச் சல்லடைக் கண்களாக நுண்துளைகள். ஆஸ்டியா என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம் இருந்தாலே அதிகம். அதற்கு மேல் பெரிய துகள் எதுவும் வாசலைத் தாண்ட முடியாது. சுற்றிலும் தட்டையான செல்கள் ஓடுபாவியது போல ஒட்டி நிற்கின்றன. இதுதான் இந்த விலங்கின் தோல், ஒரே ஓர் அடுக்கு. துளை வழியாக நுழைந்ததும் கால்வாய். கால்வாய் பிரிந்து இன்னும் சிறிய கால்வாய்கள். எல்லாம் போய் முடிவது உருண்டை உருண்டையான சின்னஞ்சிறு அறைகளில். அறைகளிலிருந்து வெளியேறும் கால்வாய்கள் ஒன்றுகூடிப் பெரிதாகி, கடைசியில் ஆஸ்குலம் என்ற பெரிய வாய் வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன.

இந்த அமைப்பிலும் எளிமையானது உண்டு, சிக்கலானது உண்டு. சில சிறிய கடற்பஞ்சுகள் வெறும் குழாய். சுவரில் துளை, நடுவில் குழி, மேலே வாய், அவ்வளவுதான். கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களில் மாணவர்கள் ஸ்லைடில் பார்க்கும் சைக்கானில் அந்தச் சுவர் மடிப்பு மடிப்பாக மடிந்திருக்கும். பெரிதாக வளரும் கடற்பஞ்சுகள் எல்லாம் மூன்றாவது வகை, அறைகள் லட்சக்கணக்கில் நெருங்கியவை. அதில்தான் நமக்கு விருந்து!

லூகோனியா என்ற ஒரு சின்னக் கடற்பஞ்சை விலங்கியல் நூல்கள் உதாரணமாகச் சொல்லும். உயரம் 10 சென்டிமீட்டர், பருமன் 1 சென்டிமீட்டர். நம் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். இதற்குள் தண்ணீர் நுழையும் கால்வாய்கள் சுமார் 81,000. உள்ளே அறைகள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு இதன் வழியாகப் போகும் தண்ணீர் இருபது லிட்டருக்கும் அதிகம். இன்னொரு முறை படியுங்கள், விரலளவு உடம்பு, இருபது லட்சம் அறைகள், ஒரு குடத்துக்கும் மேலான தண்ணீர்!

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் சூட்சுமத்தைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். நுழையும் கால்வாயில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1 மில்லிமீட்டர். அறைகளுக்குள் வந்ததும் அது நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது, கிட்டத்தட்ட நின்றே போகிறது. ஆஸ்குலத்தில் வெளியேறும்போதோ நொடிக்கு 8.5 சென்டிமீட்டர்! எப்படி? வைகை தண்ணீர் கண்மாய்க்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். குறுகலான ஆற்றில் விரைந்து வந்தது, அகன்ற பரப்பில் பரவியதும் தளர்கிறது, வண்டல் படிகிறது. மதகு வழியாகப் போகும்போது மறுபடி வேகம் பிடிக்கிறது. கடற்பஞ்சின் இருபது லட்சம் அறைகளின் மொத்த அகலம், கால்வாய்களின் மொத்த அகலத்தைவிடப் பல மடங்கு. அதனால் அங்கே தண்ணீர் தளர்கிறது, உணவைப் பொறுக்கி எடுக்க நேரம் கிடைக்கிறது. வெளிவாய் ஒன்றே ஒன்று, குறுகல். அதனால் கழிவு நீர் தூரமாகப் போய் விழுகிறது, அதே அழுக்குத் தண்ணீர் திரும்பவும் உள்ளே வருவதில்லை. மூளையே இல்லாத உயிரின் உடம்பில் இப்படி ஒரு நீர்ப்பாசனக் கணக்கு!

இறைப்பது யார்? அறைக்குள் எட்டிப் பாருங்கள். சுவர் முழுக்க ஒரே வகைச் செல்கள் உள்முகம் நோக்கி நிற்கின்றன. கொயனோசைட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் நீண்ட கசையிழை ஒன்று. அது வளைந்து வளைந்து அடிக்கிறது. கசையிழையைச் சுற்றி 30, 40 நுண்விரல்கள் வட்டமாக நின்று ஒரு கழுத்துப்பட்டை அமைக்கின்றன. இழை அடிக்க, தண்ணீர் அந்த விரல்களின் இடுக்கு வழியாக இழுக்கப்படுகிறது. ஒரு மைக்ரான், அதற்கும் குறைவான அளவுள்ள பாக்டீரியாக்கள்கூட அந்த இடுக்கில் மாட்டிக்கொள்கின்றன. செல் அவற்றை அப்படியே விழுங்கிவிடுகிறது. ஒரு செல்லின் இழையோடு பக்கத்துச் செல்லின் இழை தாளம் சேர்வதில்லை. ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு அடிக்கிறது. ஆனாலும் மொத்தத் தண்ணீரும் ஒரே திசையில்தான் போகிறது, ஏனென்றால் அறைகளும் கால்வாய்களும் அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன.

1866-ல் ஹென்றி ஜேம்ஸ்-கிளார்க் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இந்தச் செல்லைப் பார்த்துவிட்டுத் திகைத்தார். குளத்து நீரில் தனியாகத் திரியும் ஒருவகை ஒற்றைச்செல் உயிர்களுக்கும் இதே கசையிழை, இதே கழுத்துப்பட்டை! கொயனோஃபிளஜெல்லேட்டுகள் என்ற அந்த ஒற்றைச்செல் உயிர்கள்தான் விலங்குகளின் மிக நெருங்கிய பங்காளிகள் என்பதை இன்று மரபணு ஆய்வுகளும் உறுதி செய்துவிட்டன. யானைக்கும் நமக்கும் கடற்பஞ்சுக்கும் பொதுவான மூதாதை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறவர்கள், இந்த அறைக்குள் வந்து நின்றுதான் யோசிக்கிறார்கள்.

இந்தச் செல்கள் உழைக்கிற வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். கரீபியன் கடலின் குராசோ தீவில் ஹாலிசார்கா என்ற கடற்பஞ்சை ஆராய்ந்தபோது, அதன் கொயனோசைட்டுகள் ஆறு மணி நேரத்துக்குள் பிரிந்து புதிதாகிக்கொண்டிருந்தது தெரிந்தது. பழைய செல்கள் உதிர்ந்து வெளியே போகின்றன. அந்த உதிரிகளைச் சிறு புழுக்களும் நண்டினங்களும் தின்கின்றன. தண்ணீரில் கரைந்துகிடந்த, வேறு யாருக்கும் பயன்படாத கரிமச் சத்தைக் கடற்பஞ்சு உறிஞ்சி, மற்ற உயிர்கள் தின்னக்கூடிய துகளாக மாற்றிக் கொடுக்கிறது. 2013-ல் இதை வெளியிட்டார்கள். சத்துக் குறைந்த வெப்பமண்டலக் கடலில் பவளத்திட்டுகள் எப்படி இவ்வளவு செழிக்கின்றன என்ற பழைய கேள்விக்குப் பதிலில் ஒரு பெரும்பகுதி, நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும் இந்தக் கட்டிகளுக்குள் இருந்தது!

அறையை விட்டு வெளியே வந்து, தோலுக்கும் அறைச்சுவருக்கும் நடுவே உள்ள கூழ்ப்பகுதிக்குள் நுழைவோம். இங்கே ஆர்க்கியோசைட்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கொயனோசைட் பிடித்த உணவை வாங்கிச் செரித்து மற்ற செல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவை இவை. தேவைப்பட்டால் வேறு எந்தச் செல்லாகவும் மாறவும் செய்யும். தோல் கிழிந்தால் தோலாகும். முட்டை வேண்டுமென்றால் முட்டையாகும். கூடவே ஏராளமான பாக்டீரியாக்களும் இங்கே குடியிருக்கின்றன; சில கடற்பஞ்சுகளில் உடம்பின் கன அளவில் 40 சதவீதம் வரை அவைதான்.

1907-ல் எச்.வி. வில்சன் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் ஒரு காரியம் செய்தார். சிவப்புக் கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியில் கட்டி, கடல்நீருக்குள் பிழிந்தார். துணி வழியாக வந்தவை தனித்தனிச் செல்கள், சிவப்புக் கலங்கலாக. ஒரு விலங்கு செல் செல்லாகப் பிரிந்துவிட்டது. அவ்வளவுதான் கதை முடிந்தது என்று நினைப்போம். கொஞ்ச நேரத்தில் அந்தச் செல்கள் ஊர்ந்து ஊர்ந்து ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன. சின்னச் சின்னத் திரளைகள் உண்டாயின. திரளைகள் கண்ணாடித் தட்டில் ஒட்டிக்கொண்டன. நாட்கள் போகப்போக அவற்றுக்குள் கால்வாய்கள் வந்தன, அறைகள் வந்தன, ஆஸ்குலம் திறந்தது. மறுபடியும் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது! இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நூறாண்டுக்கு மேல் ஆகியும், ஒரு செல் தன் கூட்டத்தை எப்படி அடையாளம் காண்கிறது என்று படிக்க விரும்புகிறவர்கள் இந்தச் சோதனையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது நம் மலைக்கல்லைத் தேடுவோம். அதே கூழ்ப்பகுதியில் ஸ்கிளிரோசைட்டுகள் என்று வேறு சில செல்கள் இருக்கின்றன. ஊசி வார்ப்பவை இவைதாம். முதலில் செல்லுக்குள் ஒரு புரத இழை உருவாகிறது. அந்த இழையைச் சுற்றிச் சிலிக்கா படியப் படிய ஊசி தடித்து நீள்கிறது. இழையிலுள்ள புரதத்தின் பெயர் சிலிக்கேட்டின். 1998-ல் கலிபோர்னியாவில் டெத்தியா என்ற கடற்பஞ்சிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர்கள் அதன் அமைப்பைப் பார்த்து வியந்துபோனார்கள். நம் உடம்பில் புரதங்களைச் செரிக்கும் கேத்தப்சின் என்ற நொதிக்கு இது நெருங்கிய உறவு! செரிக்கும் வேலைக்கு இருந்த ஒரு நொதியைப் பரிணாமம் சற்றே திருத்தி, கண்ணாடி வார்க்கும் வேலைக்கு வைத்துவிட்டது.

ஊசி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன், ஆனால் வடிவங்களுக்குக் கணக்கில்லை. இருமுனையும் கூர்ந்தவை, ஒருமுனை உருண்டவை, மூன்று கிளை நங்கூரங்கள், நட்சத்திரங்கள், ஆங்கில எழுத்து ‘சி’ மாதிரி வளைந்த நுண்கொக்கிகள். ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் சேர்க்கை. அதனால்தான் கடற்பஞ்சை அடையாளம் காண்கிறவர்கள் அதன் நிறத்தையும் உருவத்தையும் முழுக்க நம்புவதில்லை. ஆய்வக அறைக்குள் நடப்பது இதுதான்: அரிசியளவு துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ப்ளீச்சிங் திரவம் சில சொட்டு விடுவார்கள். சதை நுரைத்துக் கரையும். கழுவிவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், நிறமும் சதையும் போய், தகடு முழுக்கக் கண்ணாடி மினுங்கும்! அந்த ஊசிகளை வரைந்து, நீளம் அளந்து, வகை பிரித்துத்தான் பெயர் வைக்கிறார்கள். சதை கரைந்ததோடு எலும்பும் கரைந்துவிட்டால் அது ஸ்பாஞ்சின் என்ற புரத நாரால் ஆன இனமாக இருக்கலாம். குளிக்கப் பயன்படும் மத்தியதரைக் கடல் பஞ்சு அந்த வகை. அமிலம் பட்டதும் ஊசிகள் பொங்கிக் கரைந்தால் சுண்ணாம்புக் கடற்பஞ்சு. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட 9,000-க்கும் மேற்பட்ட இனங்களில் முக்கால்வாசிக்கும் மேல், சிலிக்கா ஊசியோ ஸ்பாஞ்சின் நாரோ இரண்டுமோ கொண்ட டெமோஸ்பாஞ்சியா வகுப்பைச் சேர்ந்தவை.

நம் கடலில் இந்த வேலைக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சேகரித்து அனுப்பிய கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து, 1887-ல் சென்னைக் கடலைப் பற்றியும் 1889-ல் மன்னார் வளைகுடாவைப் பற்றியும் எழுதினார். குருசடைத் தீவின் கடற்பஞ்சுகளைப் பற்றி மாரிஸ் பர்ட்டன் 1937-ல் எழுதினார். பிறகு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.ஏ. தாமஸ் பல்லாண்டுகள் இதிலேயே மூழ்கி, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலுமாக 275 இனங்களைப் பட்டியலிட்டார். இருநூற்று எழுபத்தைந்து! பழனி மலையின் ஆர்க்கிட் மலர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம், வைகையின் மறுமுனையில் இருக்கும் இந்தப் பட்டியலையும் அதே பெருமையோடு சொல்ல வேண்டும்.

கண்ணாடியின் உச்சத்தைப் பார்க்க ஆழ்கடலுக்குப் போக வேண்டும். யூப்ளெக்டெல்லா என்ற கண்ணாடிக் கடற்பஞ்சின் எலும்புக்கூடு முழுவதும் சிலிக்காப் பின்னல். அதைத் தரையில் ஊன்றும் இழைகள் ஒளியைக் கடத்துகின்றன, நாம் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தும் ஒளியிழைகளைப் போலவே செயல்படுகின்றன என்று 2003-ல் கண்டறிந்தார்கள். மோனோராஃபிஸ் என்ற இன்னோர் ஆழ்கடல் இனம் ஒரே ஓர் ஊசியை வளர்க்கிறது. அது மூன்று மீட்டர் வரை போகும். அப்படி ஓர் ஊசியை அறுத்து அடுக்குகளை ஆராய்ந்தபோது அந்த விலங்கின் வயது சுமார் 11,000 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள்.

நரம்பே இல்லாத இந்த உயிர் தும்மும் என்றால் நம்புவீர்களா? தும்முகிறது! நன்னீரில் வாழும் பஞ்சு ஒன்றின் கால்வாய்களில் அழுக்கு சேர்ந்தால், அது உடம்பை மெல்ல ஊதிப் பெருக்கி, பிறகு சுருக்கி, அழுக்கை ஆஸ்குலம் வழியாகத் தள்ளுகிறது. ஒரு தும்மலுக்குப் பல நிமிடங்கள். கரீபியனின் அப்லைசினா ஆர்ச்செரி என்ற குழாய்க் கடற்பஞ்சு இன்னும் விசித்திரம். தண்ணீர் உள்ளே வரும் அதே ஆஸ்டியா வழியாக, நீரோட்டத்தை எதிர்த்து, சளியை வெளியே அனுப்புகிறது. 2022-ல் நேரம் சுருக்கிய காணொளிகளில் இதைப் பிடித்தார்கள். வெளியே வந்த சளியை மீன்கள் ஆவலாக வந்து தின்கின்றன. நரம்பு இல்லாமல் உடம்பு எப்படி ஒத்துப்போய்ச் சுருங்குகிறது? 2021-ல் ஸ்பாஞ்சில்லா என்ற நன்னீர் இனத்தில், அறைக்குள் கொயனோசைட்டுகளின் கழுத்தருகே கைநீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைச் செல்லைப் பார்த்தார்கள். செய்தி அனுப்புவதற்கான கருவிகள் அதில் இருக்கின்றன. நரம்பு மண்டலம் தோன்றுவதற்கு முந்தைய ஒத்திகை போலத் தோன்றுகிறது.

இனப்பெருக்கத்தில் நடப்பதை ஒரு வரியாவது சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொயனோசைட்டுகளே விந்தணுக்களாக மாறி, ஆஸ்குலம் வழியாகப் புகைபோலக் கிளம்புகின்றன. பக்கத்துக் கடற்பஞ்சின் கொயனோசைட் அந்த விந்தணுவைப் பிடிக்கிறது, ஆனால் தின்பதில்லை. தன் கசையிழையையும் கழுத்துப்பட்டையையும் இழந்து, அதைச் சுமந்துகொண்டு கூழுக்குள் ஊர்ந்துபோய் முட்டையிடம் ஒப்படைக்கிறது! பிறக்கும் இளவுயிரி சில மணியோ சில நாளோ நீந்துகிறது. பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் அங்கேயேதான்.

ஓட முடியாத உயிர் தன்னைக் காத்துக்கொள்ள வேதிப்பொருட்களைத் தயாரிக்கிறது. 1951-ல் பெர்க்மன், ஃபீனி இருவரும் ஃப்ளோரிடாக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட வினோதமான நியூக்ளியோசைடுகள்தான் சைட்டாரபின் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டின. 1969-ல் அனுமதி பெற்ற அந்த மருந்து இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது. ஜப்பானியக் கடற்பஞ்சிலிருந்து வந்த ஹாலிகான்ட்ரின் என்ற பொருளைப் பார்த்துச் செய்த எரிபுலின், 2010 முதல் மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. இன்னொரு பக்கம், கிளையோனா என்ற துளைக்கும் கடற்பஞ்சு, பவளத்திலும் முத்துச்சிப்பி ஓட்டிலும் சங்கிலும் நுண்துண்டுகளாகச் செதுக்கிக் குடைந்து குடியேறுகிறது. தூத்துக்குடியில் சங்கெடுப்பவர்களுக்கு ஓட்டில் விழுந்த அந்த ஓட்டைகளால் நஷ்டம்தான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக் கடற்பஞ்சுகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம், கையால் எடுக்கக் கூடாது.

மண்டபம் வரை போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். கடற்பஞ்சின் உறவினர்கள் குளத்திலும் இருக்கிறார்கள்! மலையின் வடசரிவில் இறங்கும் தண்ணீர் பழனியடியில் சண்முகநதியாகி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. போகிற வழியெங்கும் குளம், குட்டை, கால்வாய். 1840-களில் ஹென்றி ஜான் கார்ட்டர் என்ற ராணுவ மருத்துவர் பம்பாய்த் தீவின் குளங்களில் நன்னீர்ப் பஞ்சுகளைத் தேடித்தேடி ஆராய்ந்தார். ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1880-ல் மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த கடற்பஞ்சுகளையும் அவரே ஆராய்ந்து எழுதினார். இந்தியச் சமவெளிக் குளங்களில் பரவலாகக் காணப்படும் யூனாபியஸ் கார்ட்டெரி அவர் பெயரைத் தாங்கியது. 1911-ல் நெல்சன் அன்னாண்டேல் இந்திய நன்னீர்ப் பஞ்சுகளையும் சேர்த்து எழுதிய நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது.

குளத்துப் பஞ்சின் கைவசம் கடல் உறவினர் பலரிடமும் இல்லாத ஒரு திறமை உண்டு. கோடையில் குளம் வற்றப்போகிறது என்றால் அது தன் ஆர்க்கியோசைட்டுகளை உணவோடு சேர்த்து, கடினமான உறைக்குள் மூட்டை கட்டிவிடுகிறது. ஜெம்மியூல் என்று பெயர். குண்டூசித் தலையைவிடச் சிறிய மஞ்சள், பழுப்பு உருண்டை. உறையைச் சுற்றியும் சிலிக்கா ஊசிகள்! தாய் உடம்பு காய்ந்து உதிர்ந்துபோகும். உருண்டைகள் வெயிலிலும் வெடித்த மண்ணிலும் கிடக்கும். மழை வந்து தண்ணீர் நின்றதும், உறையிலுள்ள ஒரு சிறு துளை வழியாகச் செல்கள் ஊர்ந்து வெளியே வந்து, புதிய கால்வாய்களையும் அறைகளையும் கட்டத் தொடங்கும். அமேசான் கரையில் பழங்குடிக் குயவர்கள் மண்பாண்டம் விரிசல் விடாதிருக்க நன்னீர்ப் பஞ்சின் ஊசிகளைக் களிமண்ணில் கலந்தார்கள், அகழ்வாய்வில் கிடைக்கும் ஓடுகளில் அவை இன்னமும் தெரிகின்றன.

ஆகவே இந்தக் கோடையில் உங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் இறங்கும்போது கரையோரம் போய்ப் பாருங்கள். மதகுக் கல்லின் அடிப்பக்கம், மூழ்கிக்கிடந்த வேலிக் குச்சி, படிக்கட்டின் நிழல்பட்ட முகம், இங்கெல்லாம் பச்சையாகவோ பழுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ பொறபொறவென்று ஒட்டியிருக்கும் பூச்சைத் தேடுங்கள். காய்ந்திருந்தால் பூதக்கண்ணாடியால் உற்றுப் பாருங்கள், உருண்டைகள் தெரியலாம். தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், கண்ணாடி ஊசி உறுத்தும். பார்த்து முடித்ததும் குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்த மழைக்கு அது முளைக்க வேண்டும்.